தூளிக்கு விடாத இடம்

கன்னத்தில் பொடியாக ஏதோ விழுந்ததில்தான் விழிப்பு வந்தது. பல்லியின் வேலையாக இருக்கும் என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுக்கப் போனேன், ஆனால் விரலில் நரநரவென்று ஒட்டியது சிமென்ட். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானமே ஆபீஸிலிருந்து வந்ததும், சுவரோடு மடிந்திருந்த கட்டிலை இழுத்துச் சங்கிலியில் மாட்டி ஏறிப் படுத்ததும் நினைவிருக்கிறது. அப்போது அக்காவின் பாப்பா அம்மாவின் மடியில் முழித்துக்கொண்டு கிடந்தாள், அக்கா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கீழே பேச்சுச் சத்தமே இல்லை. பாத்ரூமில் தண்ணீர் விழுகிறது, அது அக்கா. தெருவில் தண்ணி லாரியின் ஹாரன், குடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற சத்தம், அம்மா கீழே போயிருப்பாள். இதெல்லாம் போக இன்னொரு சத்தம், கிரீச், கிரீச் என்று, மெல்ல, என் தலைமாட்டிலிருந்து. கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பினேன். இந்தக் கட்டிலின் ஒரு பக்கம் கீல் வைத்துச் சுவரில் இருக்கிறது, மறுபக்கத்தைச் சீலிங்கிலிருந்து இரண்டு சங்கிலி தாங்குகிறது, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. தலைமாட்டுச் சங்கிலியின் கொக்கியில் அம்மாவின் பழைய நூல் சேலை கயிறு கட்டித் தொங்குகிறது. தூளி. நான் தூங்கிய பிறகு கட்டியிருக்கிறாள். பாப்பா தூளியில் இருக்கிறாள், நான் கட்டிலில் இருக்கிறேன், கொக்கி ஒன்றுதான் இருக்கிறது.

கொக்கியின் இரும்புத் தட்டு சீலிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒட்டியில்லை. நடுவில் ஒரு கோடு, நகம் நுழைகிற அளவு. கோட்டுக்குள் போல்ட்டின் பளபளப்பு. சிமென்ட்டுக்குள் புதைந்து கிடக்க வேண்டிய இரும்பு, இப்படிப் பளிச்சென்று என் கண்ணில் படவே கூடாது. நான் மூச்சை உள்ளே இழுத்தால் கோடு அகலமாகிறதா, விட்டால் சுருங்குகிறதா, இல்லை காய்ச்சல் கண்ணுக்கு எல்லாம் அப்படித் தெரிகிறதா. சரியாகச் சொல்ல முடியவில்லை, சொல்ல முடியாததுதான் பயமாக இருக்கிறது. இது பழைய ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி, ஒரே அறை. இந்தச் சீலிங்கில் நானே டிரில் போட்டேன். உளி வைத்துத் தட்டினால் கை அதிரும், டிரில் திணறும் என்றுதான் நினைத்திருந்தேன், அது வெல்லக்கட்டியில் இறங்குவது போல இறங்கியது. அட, இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டேன் நான். சந்தோஷப்பட்டேன். படித்தவள், தினமும் இதே வேலையாக இருப்பவள், சிமென்ட் இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, அடுத்த ஓட்டையைப் போடப் போய்விட்டேன். சுகந்தி, இப்போது யோசி. சுவர்ப் பக்கம் நகர்ந்தால் என் கனம் கீலுக்குப் போகும், சங்கிலிக்குக் குறையும். நகர். முதலில் இடுப்பு, அப்புறம் தோள், அப்புறம் தலை. மெத்தைக்கு அடியில் பலகை முனகுகிறது, முனகாதே. முதுகு சுவரில் பட்டுவிட்டது, சுண்ணாம்பு ஜில்லென்று இருக்கிறது. இதற்கு மேல் நகர இந்தக் கட்டிலில் இடம் இல்லை. கோடு இன்னும் இருக்கிறது.

இறங்கிவிடலாமே என்றால் ஏணி தலைமாட்டில் இருக்கிறது, அந்தக் கொக்கிக்கு நேர் கீழே. ஏணியை மாட்டுகிற பள்ளத்தை அங்கே மட்டும்தான் வெட்டினேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. இறங்க வேண்டுமென்றால் என் கனம் முழுவதையும் அந்த மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். கால்மாட்டில் கீழே இருக்கிற கிரைண்டர் மேல் குதிக்கலாம், குதிக்கிறவள் உதைக்கிற உதை கட்டிலுக்குத்தானே போகும். எட்டிப் பாப்பாவை மேலே தூக்கிக்கொள்ளலாமா, எட்டுவதற்கும் அதே மூலைக்குத்தான் போக வேண்டும். கத்தலாம். கத்தினால் முதலில் முழிப்பது பாப்பா. முழித்தால் உதைப்பாள், பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை உதைப்பது, தூளி துள்ளும், கொக்கிக்கு அந்தத் துள்ளல் போதும். அக்கா ஈரத்தோடு ஓடி வந்து என்ன செய்வாள், பிள்ளையை வாரி எடுக்கத் தூளியைப் பிடித்து இழுப்பாள், வேறென்ன செய்வாள் ஒரு தாய். தூளி விழுந்தால்கூடப் பரவாயில்லை, தரையிலிருந்து முழங்கால் உயரம்தான், கீழே பாய் கிடக்கிறது. ஆனால் கொக்கி வந்தால் கட்டிலின் இந்த மூலையும் வரும், இரும்புக் குழாயும் பலகையும் நானும் சேர்ந்து அந்தச் சேலை மூட்டையின் மேல். அதை நினைக்காதே. மண்டை இன்னும் இறுகாத பிள்ளை, அம்மா உச்சிக்கு எண்ணெய் வைக்கும்போது தோல் துடிக்குமே, அதை நினைக்காதே என்றால் அதைத்தான் நினைக்கிறது மனசு.

வளைகாப்பு முடிந்து அக்காவைக் கூட்டிவரும்போது அவள் மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார், அந்த ஒரு ரூம்ல புள்ளத்தாச்சி எங்க படுப்பா, நீங்க எங்க படுப்பீங்க என்று. அம்மா தட்டிலிருந்த வளையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் முந்திக்கொண்டேன், நீங்க வந்து பாருங்க அத்தை, ராத்திரி பெட்ரூம், பகல்ல ஹால், நடுவுல ஆபீஸ், எல்லாம் மடிச்சு வைக்கிற மாதிரி பண்றேன் என்று. என் பிழைப்பே அதுதானே. அம்பத்தூரில் எங்கள் கம்பெனியில் நான் வரைவது எல்லாம் மடக்குச் சாமான்கள், சோபாவுக்குள் கட்டில், அலமாரிக்குள் மேசை, மேசைக்குள் இஸ்திரிப் பலகை. புதுசாகக் கல்யாணமானவர்கள் கையைக் கோத்துக்கொண்டு வந்து, ரெண்டு பேருமே வீட்ல இருந்துதான் வேலை பாக்குறோம் மேடம், எடம் இந்த அளவுதான் என்று கைக்குட்டையை விரித்துக் காட்டுவது போல வீட்டுப் படத்தைக் காட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்கிற பாடம் ஒன்றுதான், ஒரு இடம், பல வேலை, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை. மடக்குச் சாமான்களுக்கு அது வேத வாக்கு. என் படங்களில் சாம்பல் நிற மனிதர்கள் உண்டு, ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் இருக்க மாட்டார், படுத்தால் மேசை மடிந்துவிடும். அந்தப் படங்களில் யாரும் மத்தியானத்தில் காய்ச்சல் வந்து வீட்டுக்குத் திரும்பியதில்லை, யாருக்கும் பிள்ளை பிறந்ததில்லை, யாருக்கும் அம்மா இல்லை. தூளி எங்கடி கட்டறது என்று அம்மா அப்போதே கேட்டாள். இந்தக் காலத்துல யாரும்மா தூளி கட்டறா என்று நான் சக்கரம் வைத்த மடக்குத் தொட்டில் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தேன். பாப்பா அதில் கிடந்து வீடே கிடுகிடுக்கும்படி கத்தினாள். ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கட்டில் சுவரோடு மடிந்திருந்தது, சும்மா இருந்த கொக்கியில் அம்மா தூளியைக் கட்டியிருந்தாள், பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கோபம் வந்ததா எனக்கு? வரவில்லை, பெருமை வந்தது. பாருங்கள், பகலில் தூளி, ராத்திரி கட்டில், ஒரே கொக்கி என்று வீடியோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன், அவர் கைதட்டுகிற பொம்மையைத் திருப்பி அனுப்பினார். தூளிக்குத் தாங்குமா என்று பார்த்தேன், தாங்கும். கட்டிலுக்கு ஏற்கெனவே பார்த்திருந்தேன், தாங்கும். இரண்டும் ஒன்றாக வரும் என்று பார்க்கவில்லை. ராத்திரியில் பாப்பா அக்காவோடு பாயில் படுப்பாள், பகலில் நான் வீட்டிலேயே இருக்க மாட்டேன், எப்படி ஒன்றாக வரும்.

அம்மா வருவாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவாள், அதுதான் வழி. ஆனால் அம்மா வருவதுதான் பெரிய ஆபத்தும். எங்கள் வீட்டில் தூளியைக் கடந்து போகிறவர்கள் யாரும் ஒரு ஆட்டு ஆட்டாமல் கடந்ததில்லை. பிள்ளை தூங்கினாலும் ஆட்டுவோம், முழித்தாலும் ஆட்டுவோம், கை தானாகப் போகும். பால்காரர் வாசலில் நின்றபடி எட்டி ஆட்டியிருக்கிறார். வாசலிலிருந்து இரண்டே எட்டு, உள்ளே வந்ததும் அம்மாவின் கை தூளிக்குப் போய்விடும், அதற்குள் நான் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். ஒரே வாக்கியம், மெதுவான குரலில், பாப்பா முழிக்காமல், அம்மா பதறாமல், கேள்வி கேட்காமல், தூளியை ஆட்டாமல் பிள்ளையை அலுங்காமல் தூக்கிவிட வேண்டும். என்ன சொல்வது? அம்மா, தூளியத் தொடாத. சொன்னால் தொடுவாள். தொடாதே என்றதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்பது அவள் சுபாவம், சூடாக இருக்கிறது என்று சொன்ன இஸ்திரிப் பெட்டியையே தொட்டுப் பார்த்தவள். அம்மா, கொக்கி பிச்சிக்கிட்டு வருது. ஐயோ என்பாள், குடம் கீழே விழும், பாப்பா தூக்கிவாரிப்போட்டு உதைக்கும், முடிந்தது. அம்மா, பாப்பாவத் தூக்கு. இப்பத்தான தூங்கவெச்சேன், உனக்குக் கொஞ்சணும்னா புள்ளைய எழுப்பணுமா என்று ஆரம்பிப்பாள், ஆரம்பித்துக்கொண்டே ஆட்டுவாள். அக்கா பால் குடுக்கணும்னு சொன்னா. அவதான் குளிக்கறாளே என்று பாத்ரூம் கதவைத் தட்டப் போவாள், போகிற வழியில் ஒரு ஆட்டு. இருபத்தெட்டு வருஷமாக இவளோடு இந்த ஒரே அறையில் இருக்கிறேன், இவளைக் கேள்வி கேட்காமல் ஒன்று செய்ய வைக்கிற வாக்கியம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

அக்கா தண்ணீரை நிறுத்தினாள். வெளியே வந்துவிடுவாளா, வேண்டாம் அக்கா, கொஞ்சம் இரு. இல்லை, மறுபடி மொண்டு ஊற்றுகிறாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் இறங்க வேண்டும் என்று அம்மா அண்டா நிறைய வைத்துக் கொடுப்பாள், அக்காவும் சீக்கிரம் வர மாட்டாள். இந்த வீட்டில் கதவு இருக்கிற ஒரே அறை அது, அழுவதென்றாலும் போன் பேசுவதென்றாலும் சும்மா சுவரைப் பார்ப்பதென்றாலும் எங்களுக்கு அங்கேதான். போன். என் போன் எங்கே? தலையணைக்கு அடியில், சத்தத்தோடு. மேனேஜர் இப்போது கூப்பிட்டால், போறப்போ அந்த அலமாரி டிராயிங்க அனுப்பிட்டியாம்மா என்று கூப்பிடுகிற நேரம்தான் இது. தலையணை அந்த மூலையில் இருக்கிறது. கையை மட்டும் நீட்டினால் போதும், உடம்பை அனுப்பாதே, கை மட்டும். விரல் நுனியில் கண்ணாடி தட்டுப்பட்டது. இழுத்தேன், கொஞ்சம் கொஞ்சமாக, சத்தத்தை அடைத்தேன். அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கீழேயே சொல்லிவிடலாமே என்று அப்போதுதான் தோன்றியது, எவ்வளவு சுலபம் என்று பெயரைக்கூடத் தேடிவிட்டேன். அம்மாவின் போன் அடுப்படி அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. தூளிக்கு நேர் எதிரே. அதில் அவள் வைத்திருக்கிற சாமி பாட்டு அடித்தால் கீழ்மாடிப் பிள்ளைகளே எழுந்துகொள்ளும். விரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. எடுத்துவிட்டேன். போனைத் தொடைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

படியில் காலடி. மூச்சிரைப்பு. குடம் கைப்பிடிச் சுவரில் உரசுகிறது. வருகிறாள், இன்னும் என்னிடம் வாக்கியம் இல்லை, அம்மா கொஞ்சம் நில்லேன், அம்மா. காலடி எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு நிம்மதி வந்தது, வந்த நிம்மதியைப் பார்த்து வெட்கமாக இருந்தது. அப்போது தூளிக்குள் ஏதோ அசைந்தது. சேலையின் பக்கவாட்டில் ஒரு சின்ன மேடு எழுந்தது, குதிகால். மேடு நகர்ந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. பால் குடிக்கிற கனவு, வாயைச் சப்புகிறாள், எனக்குக் கேட்கிறது. தூளி தானாக ஆட ஆரம்பித்தது, ஆட்டம் ஒன்றும் பெரிதில்லை, ஒரு பக்கம் போகும்போது கிரீச், வரும்போது கிரீச். சிமென்ட் பொடி என் தலையணையில் விழுந்தது, உப்புக் கல் அளவு ஒன்று விழுந்தது. பாப்பா, தூங்குடி. என் கண்ணே, தூங்குடி, சித்தி உனக்கு இனிமேல் எதையும் மடக்கித் தர மாட்டேன், தூங்கு. நான் வாய்விட்டுச் சொன்னேனா மனசுக்குள்ளே சொன்னேனா தெரியவில்லை. தூளி நின்றது. என் கண் கொக்கியிலேயே இருந்தது. சின்ன வயதில் நானும் இதே மாதிரி ஒரு தூளியில் கிடந்திருப்பேன், அப்போது ஃபேன் மாட்டாமல் இருந்த கொக்கியில் கட்டி, மழைக்காலத்தில் ஈரத் துணி காயாமல், ஈரம் என்றால் அம்மாவுக்கு ஆகாது, சளி புடிச்சிரும், நெஞ்சுல கட்டிரும் என்று தூக்கத்திலும் தடவித் தடவிப் பார்ப்பாளாம், அக்கா சொல்வாள். இப்போதும் அப்படித்தான், பாப்பா நனைத்துவிட்டாள் என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு வருவாள். ஆட்ட மாட்டாள், கொஞ்ச மாட்டாள், ஏன் என்று கேட்க மாட்டாள், இரண்டு கையையும் அடியில் கொடுத்து நேராக மேலே தூக்குவாள். ஈரம் தன்மேல் படாமல் இருக்க அப்படித்தான் தூக்குவாள். நனைச்சிட்டா. அவ்வளவுதான். அம்மா, பாப்பா நனைச்சிட்டா. மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், சும்மா சொல்வது போல, தூக்கக் கலக்கத்தில் சொல்வது போல, அம்மா, பாப்பா நனைச்சிட்டா.

இந்த முறை கதவு திறந்தது. அம்மா குடத்தை வாசலுக்கு உள்ளே இறக்கி வைத்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், "லைன்ல இன்னா அடிதடி, யப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. அம்மா ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. "தூங்குதா எஞ் செல்லம்" என்று கை தூளிக்குப் போனது, விரல்கள் சேலையில் பட்டுவிட்டன.

"அம்மா, பாப்பா நனைச்சிட்டா."

என் குரலா அது, கிழவி குரல் போல இருந்தது. கை அப்படியே நின்றது. "அடக் கடவுளே, இப்பத்தானே துணி மாத்தினேன்" என்றாள், சேலையை விலக்கினாள், இரண்டு கையையும் அடியில் கொடுத்தாள், நேராக மேலே தூக்கினாள். தூளி காலியாகிச் சுருங்கியது. பாப்பா அவள் தோளில் சாய்ந்து மறுபடி வாயைச் சப்பியது. அம்மா பிள்ளையின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள், அதே இடத்தில், கட்டிலுக்கு நேர் கீழே.

"காஞ்சிதான்டி கெடக்குது. கனவு கண்டியா?"

"அந்தாண்ட போம்மா."

"ஏன்டி? ஜொரம் ஏறிடுச்சா?"

"அம்மா, அந்தாண்ட போயேன், ப்ளீஸ்."

அப்போது நிமிர்ந்து பார்த்தாள். சுவரோடு ஒட்டிக் கிடக்கிற என்னைப் பார்த்தாள், என் கண் போகிற இடத்தைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். ஐயோ என்று கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாத்ரூம் கதவைப் போய்த் தட்டினாள், "எழிலு, கதவத் தொற, புள்ளயப் புடி, வெளிய வராத" என்றாள். கதவு பாதி திறந்தது, அக்காவின் ஈரக் கையும் துண்டும் நீண்டன, பாப்பா உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது. இனி கட்டில் விழுந்தால் விழட்டும், நானும் விழுந்தால் விழுகிறேன், கால் உடையும், கட்டுப் போட்டுக்கொள்ளலாம். அம்மா திரும்பி வந்தாள். வாசல் பக்கம் போய் யாரையாவது கூப்பிடுவாள் என்று பார்த்தேன், போகவில்லை. நேராக அந்த மூலைக்கு வந்து, தூளியைத் தள்ளிவிட்டு, கொக்கிக்கு நேர் கீழே நின்றாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக் கட்டிலின் குழாயைப் பிடித்தாள். பாப்பாவுக்கு ஒரு வாக்கியம் தேடி உயிரை விட்டேனே, இதற்கு ஒன்றும் நான் தேடி வைத்திருக்கவில்லை.

"அம்மா, தள்ளு. மேல விழுந்துடும்."

"விழாது. நீ எறங்கு. கால்மாட்டுப் பக்கமா எறங்கு."

"உன்னால தாங்க முடியாதும்மா."

"மூணு மாடி கொடம் தூக்கறவ நானு. எறங்குடின்னா."

கெஞ்சினால் நேரம் போகும், நேரம் போனால் அவள் கை தளரும். நகர்ந்தேன். சுவரை ஒட்டியே கால்மாட்டுக்குப் போனேன். கட்டில் ஒரு முறை கிர்ர் என்றது, கீழே அம்மா "ம்" என்று மூச்சைப் பிடித்தது கேட்டது. காலைக் கீழே விட்டேன், கிரைண்டரின் மூடி தட்டுப்பட்டது, அதில் ஒரு கால், தரையில் ஒரு கால். திரும்பிப் பார்த்தேன். குடத்துத் தண்ணீர் சிந்தி அவள் சேலை இடுப்போடு ஒட்டியிருந்தது, மேலே தூக்கிய கைகள் நடுங்கின, நரைத்த வகிட்டில் சிமென்ட் பொடி. கத்த வேண்டாம் என்று இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போது வந்தது.

"எறங்கிட்டேம்மா! வுட்டுட்டு வா!"

"நீ மொதல்ல தள்ளிப் போ."

தள்ளிப் போனேன்.

"இன்னும் போ."

அடுப்படியைத் தாண்டினேன். பின்னால் போகப் போக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். என் முதுகில் பாத்ரூம் கதவு இடித்தது, உள்ளே அக்கா "இன்னாம்மா, இன்னாச்சு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தள்ளு" என்றாள் அம்மா, குழாயை விடாமல்.

"இதுக்கு மேல எடம் இல்லம்மா" என்றேன்.

அதற்கு அப்புறம்தான் அம்மா கையை எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள்.